குழந்தைகளின் பல் அவசரங்கள்: மருத்துவரிடம் சேரும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை

கம்பத்தில் ஒரு பல் மருத்துவரிடம் நான் உதவியாளராகச் சேர்ந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. மலைக்கு மேலே குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும், கீழே கூடலூர், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முன்பல் முழுதாக விழுந்த பிள்ளையோடு வருகிறவர்கள் அந்தப் பல்லைக் கொண்டுவரும் விதம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெள்ளைவெளேரென்று ஆக்கி, காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். அக்கறையோடு செய்த வேலைதான். ஆனால் அப்படித் தேய்ப்பதிலும் காய விடுவதிலும்தான் பல் செத்துப்போகிறது. குமுளியிலிருந்து கம்பத்துக்கு மலைப்பாதையில் இறங்கிவர முக்கால் மணி நேரமாவது ஆகும். வண்டிப்பெரியாற்றுக்கு அப்பால் என்றால் அதற்கும் மேல். ஆகவே இந்தப் பகுதியில் ஒரு குழந்தையின் பல் பிழைக்குமா என்பது பெரும்பாலும் வண்டி ஏறுவதற்கு முன்பே வீட்டில் முடிவாகிவிடுகிறது.

பல்லுக்கு முன்னால் தலை

பிள்ளை விழுந்து வாயில் இரத்தம் வந்தால் எல்லாருடைய கண்ணும் இரத்தத்தின் மேல்தான் போகும். ஒரு நிமிடம் அதை விட்டுவிட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். விழுந்தவுடன் சிறிது நேரமேனும் நினைவு தப்பியதா, பேச்சு குழறுகிறதா, மீண்டும் மீண்டும் வாந்தி எடுக்கிறதா, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறதா, வலிப்பு வந்ததா, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போல ஏதேனும் வடிகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரைத் தேட வேண்டாம். 108-ஐ அழைத்து, அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். அந்த எண் தமிழ்நாடு–கேரள எல்லையின் இரு பக்கமும் வேலை செய்கிறது. அழைக்கும்போது ஊரின் பெயரோடு மாநிலத்தையும் மாவட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடலூர் என்ற பெயரில் நீலகிரியிலும் ஓர் ஊர் இருக்கிறது.

தாடையில் அடிபட்ட பிள்ளையை மெதுவாக வாயை மூடிக் கடிக்கச் சொல்லுங்கள். பற்கள் முன்பு பொருந்தியது போல இப்போது பொருந்தவில்லை என்றாலோ, வாயைத் திறக்க முடியவில்லை என்றாலோ, எலும்பு முறிந்திருக்கக்கூடும். முகவாய்க்கட்டையில் ஒரு சிறு வெட்டு மட்டும் இருப்பதாகத் தோன்றும். அடி காதுக்கு முன்னாலுள்ள தாடை மூட்டில் போய் இறங்கியிருக்கும். முகவாயில் தையல் போட்ட கையோடு மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரத்தத்தை நிறுத்துதல்

வாயில் வரும் இரத்தம் எச்சிலோடு கலந்து இருப்பதைவிடப் பல மடங்காகத் தெரியும். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்காமல் மடியில் உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, வருவதைத் துப்ப விடுங்கள். விழுங்கிய இரத்தம் வயிற்றைப் புரட்டும். லோயர் கேம்ப் வளைவுகளில் பஸ் திரும்பும்போது பிள்ளை கறுப்பாக வாந்தி எடுத்து, தலையில் அடிபட்டுவிட்டதோ என்று குடும்பமே நடுங்கிப்போய் வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான பஞ்சுத்துணியை மடித்துக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, இரத்தம் வரும் இடத்தில் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைந்தது பிரிந்து மறுபடி வடியத் தொடங்கும். மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய சவ்வு நடை பழகும் குழந்தைகளுக்கு அடிக்கடி கிழியும். இரத்தம் பயமுறுத்தும் அளவுக்கு வந்தாலும், உதட்டின் மேலிருந்து அழுத்தினால் நின்றுவிடும். பெரும்பாலும் தையல் இன்றியே ஆறிவிடும். நாக்கு வெட்டுப்பட்டு இரண்டு விளிம்பும் பிரிந்து நின்றாலோ, உதட்டின் வெளிக்கோடு கிழிந்திருந்தாலோ, பத்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றாலோ, உடனே தையல் போடும் இடத்துக்குப் போக வேண்டும். காயத்தில் மஞ்சள்தூளும் காப்பித்தூளும் அப்பிக்கொண்டு வந்தால், அதைக் கழுவி எடுக்கும் வலியைப் பிள்ளைதான் பட வேண்டியிருக்கும்.

விழுந்தது பால்பல்லா, நிலைப்பல்லா?

இதன் பிறகு செய்யும் எல்லாமே இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தது. கீழ் முன்பற்கள் ஆறு, ஏழு வயதிலும், மேல் நடுப்பற்கள் ஏழு, எட்டு வயதிலும், அவற்றுக்குப் பக்கத்தில் உள்ளவை எட்டு, ஒன்பது வயதிலும் நிலைப்பற்களாக முளைக்கின்றன. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பல் அநேகமாகப் பால்பல்தான். ஆறு முதல் ஒன்பது வயதுவரை இரண்டும் கலந்திருப்பதால் பல்லையே பார்க்க வேண்டும். நிலைப்பல் அகலமாக, சற்று மஞ்சள் சாயலோடு இருக்கும். புதிதாக முளைத்ததென்றால் அதன் நுனி ரம்பம் போல மூன்று சிறு மேடுகளோடு தெரியும். பால்பல் சின்னதாகவும் பால்நிறமாகவும் இருக்கும். கீழே விழுந்த பல்லின் வேர் நீளமாக இருப்பதை மட்டும் வைத்து நிலைப்பல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விழும் பருவம் வராத பால்பல்லுக்கும் வேர் முழுதாகவே இருக்கும்.

பால்பல் விழுந்தால் அதை மீண்டும் குழியில் வைக்கக் கூடாது. அதன் வேருக்கருகே எலும்புக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லின் முளை பழுதாகக்கூடும். இரத்தத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளையை அன்றோ மறுநாளோ காட்டினால் போதும். பல்லையும் எடுத்துச் செல்லுங்கள், முழுதாக வந்துவிட்டதா என்று மருத்துவர் பார்ப்பார். பல்லைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் மூன்று சாத்தியங்கள் உண்டு. பிள்ளை விழுங்கியிருக்கலாம், அதில் பெரும்பாலும் ஆபத்து இல்லை. பல் ஈறுக்குள்ளேயே ஏறி மறைந்திருக்கலாம். அல்லது மூச்சுக்குழலில் போயிருக்கலாம். விடாத இருமல், மூச்சில் சீழ்க்கைச் சத்தம், திணறல் ஆகியவை இருந்தால் மார்பு எக்ஸ்ரே எடுக்க உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிலைப்பல் முழுதாக விழுந்தால்

பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். அதிலுள்ள உயிரணுக்கள்தான் பல்லை எலும்போடு மறுபடி சேர்க்கின்றன. உலர்ந்த நிலையில் அரை மணி நேரம் கிடந்தாலே அவற்றில் பெரும்பகுதி இறந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர்ந்து கிடந்தால் பிழைப்பது இல்லை என்றே கொள்ள வேண்டும். வேரைத் தேய்ப்பது, நகத்தால் சுரண்டுவது, சோப்பு போடுவது, துணியில் துடைப்பது எல்லாம் அந்தச் சவ்வை உரித்தெடுக்கும் வேலைகள்.

பல்லை எடுக்கும்போது, வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் விரல்களால் பிடியுங்கள். வேரில் கை படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் குளிர்ந்த பாலிலோ சலைனிலோ ஒரு முறை மெல்ல அலசுங்கள். அவை இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரைச் சில விநாடிகள் ஓடவிட்டு அலசலாம், ஆனால் அதிலேயே ஊற வைக்கக் கூடாது. பிறகு, பிள்ளை நினைவோடும் ஒத்துழைக்கும் நிலையிலும் இருந்தால், பல்லைக் குழியில் நீங்களே வைத்துவிடுவதுதான் எல்லாவற்றையும்விடச் சிறந்த முதலுதவி. கேட்கும்போதே பெற்றோருக்குக் கை நடுங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நின்றுகொண்டிருக்கும் தாயின் கைக்கு இருக்கும் நேரம் பல் மருத்துவரின் கைக்குக் கிடைப்பதில்லை. புடைத்த வழவழப்பான முகம் உதட்டுப் பக்கம் இருக்கும்படி திருப்பி, பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வரும்வரை மெதுவாக அழுத்துங்கள். உள்ளே போகாமல் தடுத்தால் பலவந்தம் வேண்டாம். அமர்ந்ததும் மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, அப்படியே கிளம்புங்கள். கோணலாக அமர்ந்துவிட்டாலும் கவலைப்பட வேண்டாம், மருத்துவர் சரிசெய்துகொள்வார். கடுமையான இதயக் கோளாறு உள்ள பிள்ளைக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த பிள்ளைக்கும், மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

வைக்க முடியவில்லை என்றால் பல் குளிர்ந்த பாலில் பயணம் செய்ய வேண்டும். பாலின் அமிலத்தன்மையும் உப்புச்சத்தும் உடலின் உயிரணுக்களுக்கு ஒத்துப்போவதால் அவை அதில் சில மணி நேரமேனும் தாக்குப்பிடிக்கின்றன. ஆவின் ஆனாலும் மில்மா ஆனாலும் சரி, காய்ச்சாத பாக்கெட் பால் குளிர்ச்சியாகக் கிடைத்தால் அதுவே சிறப்பு. சூடான பாலில் போட்டால் பல் வெந்துவிடும். தயிரும் மோரும் புளிப்பு என்பதால் ஆகாது. எஸ்டேட் லயங்களில் மாலை நேரத்தில் கட்டன் சாயாதான் இருக்கும், பால் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அப்போது பிள்ளையை ஒரு சிறு டப்பாவில் எச்சில் துப்பச் சொல்லி, அதில் பல்லை மூழ்க வைத்து மூடுங்கள். கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொள்ளச் சொல்வது பெரியவர்களுக்குச் சரி, சிறுபிள்ளை விழுங்கிவிடும். மருந்துக் கடையில் சலைன் பாட்டில் கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். வெறும் தண்ணீர் நல்லதல்ல, என்றாலும் உலர விடுவதற்கு அது மேல்.

இளநீரில் வைக்கலாமா என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். ஆய்வகச் சோதனைகள் சில அதற்கு ஆதரவாகவும் சில மாறாகவும் வந்திருக்கின்றன. பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் பால்தான் முதலிடத்தில் இருக்கிறது. பால் கிடைக்கும்போது இளநீருக்கு மரமேற ஆளைத் தேட வேண்டாம் என்பதே என் பதில்.

நேரம் கடந்துவிட்டது என்று பல்லை வீசிவிடவும் வேண்டாம். செத்த பல்லாக இருந்தாலும், எலும்பு வளரும் வயதில் அந்த இடத்தைச் சில ஆண்டுகள் காத்து வைத்திருப்பதற்காக மருத்துவர் அதைத் திரும்பப் பொருத்தக்கூடும். வழக்கமாக இரண்டு வாரம் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு பிணைத்து வைப்பார்கள். வேர்நுனி மூடிய பல்லுக்கு அந்த இரண்டு வாரத்துக்குள் ரூட் கெனால் தொடங்குவார்கள். நுனி இன்னும் திறந்திருக்கும் சிறுவயதுப் பல்லில் இரத்த ஓட்டம் தானாகத் திரும்ப வாய்ப்பு உண்டு என்பதால் காத்திருந்து பார்ப்பார்கள். மண்ணில் விழுந்த பல் என்றால் டெட்டனஸ் தடுப்பூசி (டிடி ஊசி) எப்போது போட்டது என்ற விவரத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

நகர்ந்த பல், உடைந்த பல்

பால்பல் நகர்ந்திருந்தால் நீங்கள் இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஈறுக்குள் ஏறிப்போன பால்பல் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். கடிக்கும்போது மேலும் கீழும் இடித்தாலோ, தொண்டைக்குள் விழுந்துவிடும் போல ஆடினாலோ, அன்றே காட்ட வேண்டும். நிலைப்பல் நகர்ந்திருந்தால், தள்ளியது சிறிதானாலும் பெரிதானாலும், அதே நாளில் மருத்துவரிடம் சேர்ந்துவிட வேண்டும்.

உடைந்த துண்டைத் தேடி எடுத்துப் பாலிலோ தண்ணீரிலோ போட்டுக் கொண்டுபோனால் பல சமயம் அதையே ஒட்டிவிட முடியும். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளிருக்கும் உயிர்ப்பகுதி திறந்துவிட்டது என்று பொருள். அன்றே போனால் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். உதட்டிலும் வெட்டு இருந்து, துண்டும் கிடைக்காவிட்டால், அது உதட்டுக்குள்ளேயே புதைந்திருக்கக்கூடும் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

இரவில் வரும் பல்வலி

அடிபடாமல் வரும் வலிக்குப் பெரும்பாலும் சொத்தைதான் காரணம். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். பலாச்சுளை நாரோ இறைச்சித் துணுக்கோ இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு நடுவே சிக்கியிருந்தால் பல்நூலால் எடுத்துவிட்ட மறுநிமிடமே பிள்ளை தூங்கிவிடும். ஊசி, பின், ஊக்கு எதையும் வாய்க்குள் கொண்டுபோக வேண்டாம். துப்பத் தெரிந்த பிள்ளைக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொப்புளிக்கக் கொடுக்கலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போது வயதைப் பார்க்காமல் எடையைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை, இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் இல்லை என்பது கணக்கு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 300 மில்லிகிராம் ஆகிறது. 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று எழுதிய சிரப்பில் அது 6 மில்லிலிட்டர். 120 என்று எழுதிய சிரப்பில் 12.5 மில்லிலிட்டர். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து இவை இரண்டையும்விட அடர்த்தியானது. ஆகையால் பாட்டிலின் எழுத்தைப் படிக்காமல் மூடியில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். காய்ச்சலுக்கென்று ஏற்கெனவே கொடுத்த மருந்திலும் பாராசிட்டமால் இருந்திருக்கலாம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. நிமெசுலைடை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தருவதை இந்திய அரசு 2011-இல் தடை செய்துவிட்டது. பெட்டிக்கடையில் ‘பல்வலிக்கு ஒரு செட்’ என்று கேட்டு வாங்கும் மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது.

கிராம்பு எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குமுளிக் கடைவீதியில் ஏலக்காயோடும் மிளகோடும் அதுவும் சின்னச் சின்ன பாட்டிலில் வரிசையாக இருக்கிறது. பெரியவர் பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்துக்கொள்வது வேறு. சிறு குழந்தைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி வயிற்றில் இறங்கினால் வலிப்பு, மயக்கம், ஈரல் பாதிப்புவரை போகும். ஈறில் நேரடியாகப் பட்டாலும் புண்ணாக்கும். குழந்தைக்கு அதை வைக்காதீர்கள். வீட்டில் இருந்தால் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கற்பூரமும் விழுங்கினால் வலிப்பை வரவழைக்கும். புகையிலை, பிராந்தி, பெட்ரோல் பஞ்சு ஆகியவற்றைப் பற்றி எழுதுவதற்கே வருத்தமாக இருக்கிறது, ஆனால் மூன்றையும் வைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லிலுள்ள பூச்சி விழும் என்பார்கள். சொத்தையில் பூச்சி எதுவும் இல்லை, இனிப்பைத் தின்று அமிலம் உண்டாக்கும் கிருமிகள்தான் இருக்கின்றன. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவுவதும் இரண்டு வயதுக்குள் ஆபத்தானது.

கன்னம் வீங்கினால் கவனம் மாற வேண்டும். ஈறில் சிறு கொப்புளம் மட்டும் இருந்து, பிள்ளை சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால் மறுநாள் காலை காட்டலாம். வீக்கம் கண்ணை எட்டினாலோ, தாடைக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கினாலோ, காய்ச்சலோடு பிள்ளை சோர்ந்தாலோ, வாய் திறக்க முடியாமல் எச்சில் வடிந்தாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்பட்டாலோ, விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பல் கிளினிக் திறக்கும் நேரத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, கீழே இருப்பவர்கள் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கும், மேலே இருப்பவர்கள் கோட்டயம்–குமுளி (கே.கே.) ரோடு வழியே கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கும் கிளம்ப வேண்டும். கோட்டயத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தூரம் அதிகம் என்பதால், வழியில் கிடைக்கும் முதல் மருத்துவமனையில் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது. வீட்டில் இருக்கும்போது கன்னத்தில் வெந்நீர் ஒத்தடமும் பற்றும் போடாதீர்கள். கட்டியை உடைக்கவும் முயலாதீர்கள். முன்பு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கில் மீதி இருந்ததைக் கொடுத்து வீக்கம் வடிந்துவிட்டது என்று நிம்மதியடைபவர்கள், சில வாரங்களில் இன்னும் பெரிய வீக்கத்தோடு திரும்பி வருகிறார்கள். பல்லுக்குள் இருக்கும் மூலத்தை அகற்றாமல் மருந்து மட்டும் அதைத் தீர்ப்பதில்லை.

சிகிச்சைக்குப் பிறகும், அவசரம் அல்லாதவையும்

பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் மறுபடி வந்தால் ஈரத்துணியை மடித்து அரை மணி நேரம் இறுக்கிக் கடிக்கச் செய்யுங்கள். அன்று முழுதும் வேகமாகத் துப்புவதும் உறிஞ்சுகுழலும் வேண்டாம். கீழ்த்தாடையில் ஊசி போட்ட பிள்ளைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும். அந்த நேரத்தில் வேடிக்கையாக அதைக் கடித்துக்கொண்டே இருக்கும். மறுநாள் உதடு வீங்கி வெள்ளையாகப் படிந்திருக்கும். அது சீழ் இல்லை, கடித்த புண். ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். பால்பல் விழாமலேயே பின்னால் நிலைப்பல் முளைப்பதும், முளைக்கப்போகும் இடத்தில் ஈறு நீலமாக உப்புவதும் இரவில் ஓடிவர வேண்டிய விஷயங்கள் அல்ல.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

எத்தனை மணிக்கு அடிபட்டது, பல் எவ்வளவு நேரம் உலர்ந்து கிடந்தது, எதில் வைத்திருந்தீர்கள், என்ன மருந்து எத்தனை மில்லிலிட்டர் எப்போது கொடுத்தீர்கள், பிள்ளை கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மலையேறி மலையாள மருத்துவரிடம் போகிறவர்கள் சில சொற்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பால்பல் இரண்டு மொழிக்கும் பொது. வேதனை என்றால் வலி, நீரு என்றால் வீக்கம். ‘பழுப்பு’ என்ற சொல்தான் சிக்கலானது. நமக்கு அது நிறம், அவர்களுக்கு அது சீழ். பல்லில் பழுப்பு இருக்கிறது என்று மலையாளத்தில் சொல்லி அனுப்பியதை, பல் நிறம் மாறியிருக்கிறது என்று புரிந்துகொண்டு ஒரு தாய் பத்து நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார். எங்களிடம் வந்தபோது பிள்ளைக்குக் கண் திறக்க முடியவில்லை.